தையலுக்குள் போன எங்கள் தெரு

பன்னிரண்டு அங்குலம் என்றுதான் தையல் சங்கத்துத் தாளில் போட்டிருந்தது. நீளம் பன்னிரண்டு, அகலம் பன்னிரண்டு. ஓரம் விட்டுத் தைக்கவும் என்று ஒரு வார்த்தை கிடையாது. சைக்ளோஸ்டைல் செய்த தாள், மொத்தம் பதினான்கு வரி. அதில் மாலை காப்பிக்கு அவரவர் டம்ளர் கொண்டுவர வேண்டும் என்பதற்கு மட்டும் இரண்டு வரி ஒதுக்கியிருந்தார்கள். டம்ளருக்கு இரண்டு வரி எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓரத்துக்கு அரை வரி எழுத முடியவில்லை. அறுபது வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

புத்தூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு கூடத்தில் புதன்கிழமைதோறும் பிற்பகலில் பெண்கள் கூடித் தைப்பார்கள். துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு ஒட்டுப் போர்வை செய்வது அவர்கள் வேலை. குயில்ட் என்பார்கள். எப்போதோ இருந்த ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ பழக்கிவிட்டுப் போன வேலை. மாதம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். அந்தத் தலைப்பில் ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் துணியில் ஒரு சதுரக் கட்டம் தைத்துக் கொண்டுவர வேண்டும். போர்வைக்கு முப்பது கட்டம், குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு. உறுப்பினர்களோ முப்பத்தாறு பேர். ஆக, மாதம் ஆறு கட்டம் திரும்பி வரும். தொடர்ந்து மூன்று மாதம் ஒருவருடைய கட்டம் திரும்பினால் பெயரை எடுத்துவிட்டு, காத்திருக்கும் இன்னொருவரைச் சேர்ப்பார்கள். இது மட்டும் தாளில் தெளிவாக இருந்தது.

என் மனைவி சேர்ந்த முதல் மாதம் தலைப்பு பறவை. கிளி தைத்தாள். தையல் வெளியே தெரிகிறது என்று திரும்பி வந்தது. இரண்டாம் மாதம் விளக்கு. சுடருக்கு வைத்த சிவப்புத் துணி சாயம் போகும் என்று அதுவும் திரும்பியது. இரண்டும் நியாயம்தான், நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் இரண்டு ஆகிவிட்டதே என்று அவள் அந்தத் தாளை எடுத்து மறுபடி படித்தாள். எங்கள் வீட்டில் அப்போது பதினோரு பேர். வாரத்தில் ஏழு நாளும் அவள் சமையலறையில் இருந்தாள். ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கான தர்மம் என்று சொல்லித்தான் புதன்கிழமை மூன்று மணி நேரத்துக்கு என் அம்மாவிடம் அனுமதி வாங்கியிருந்தோம். சங்கத்தில் பெயர் போனால் அந்தப் புதன்கிழமையும் போகும். ஸ்ரீரங்கத்திலிருந்து அவள் தனியாக பஸ் ஏறி ஆற்றைத் தாண்டியது அந்த ஒரு நாளில்தான்.

மூன்றாம் மாதம் தலைப்பு எங்கள் ஊர். இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தை மேலிருந்து பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சதுரம். துணியில் தைப்பதற்கென்றே கட்டிய ஊர். கட்டம் போட்ட தாளை எடுத்து நானே வரைந்தேன். நடுவில் ஐந்து அங்குலம் சந்நிதி. அதைச் சுற்றி அரை அங்குல அகலத்தில் ஏழு சுற்று. இரண்டு பக்கமும் சேர்த்தால் சுற்றுகளுக்கு ஏழு அங்குலம். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. ஒரு நூல் அதிகமில்லை, ஒரு நூல் குறைவில்லை. இவ்வளவு அழகாக ஒரு கணக்கு என் ஆபீஸ் வாழ்க்கையில் ஒருநாளும் அமைந்ததில்லை.

"ஏன்னா, ஓரத்துல கொஞ்சம் விட வேண்டாமா?" என்று அவள் கேட்டாள்.

"பன்னிரண்டுன்னு போட்டிருக்கா. பன்னிரண்டுன்னா பன்னிரண்டுதான்" என்றேன்.

அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மறைத்துவிட்டுக் கோபப்படுவதில் எனக்குச் சம்மதமில்லை.

நடுவே பொன் விமானத்துக்குப் பட்டுத் துண்டு. ஒரு சுற்றுக்கு நான்கு பட்டை, ஏழு சுற்றுக்கு இருபத்தெட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு வேறு நிறம். கடைசிச் சுற்றுக்கு அரக்கு நிறச் சீட்டித் துணி. அந்தக் கடைசிச் சுற்று எங்களுடையது. நாங்கள் இருந்தது அடையவளஞ்சான் தெருவில். உத்திர வீதிக்குத் தேர் உண்டு, சித்திரை வீதிக்குத் தேர் உண்டு. எங்கள் தெருவுக்குத் தேர் வராது. பெருமாள் வராத தெரு என்று சித்திரை வீதிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அதனால் அந்தச் சுற்றை அவள் மற்ற ஆறையும்விட நெருக்கமாகத் தைத்தாள். கீழ்ப்பக்கத்தில் எங்கள் வீடு இருக்கும் இடத்தில் வெள்ளை நூலில் ஒரு சின்னப் புள்ளிக்கோலம் போட்டாள். நான்கு புள்ளி.

கட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். அன்று அவள் வீட்டுக்குள் வந்த வேகத்தில் நடையில் இருந்த செம்பைத் தட்டிவிட்டாள். "எடுத்துண்டுட்டா! திருப்பலை!" என்று சமையலறை வரை சொல்லிக்கொண்டே போனாள். அம்மாகூடச் சிரித்தாள்.

கட்டங்களையெல்லாம் இணைத்த பிறகு, பஞ்சு வைப்பதற்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்காரர்களும் வந்து பார்க்கலாம் என்றார்கள். மைத்துனன் வருவதாக இருந்ததால் அவளால் வர முடியவில்லை. நான் மட்டும் போனேன். கூடத்தின் குறுக்கே கயிறு கட்டிப் போர்வையின் மேல்துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். மலைக்கோட்டை பதின்மூன்று. காவேரி ஆறு. மாதா கோயில் கோபுரம் நான்கு, மசூதி இரண்டு, பாலம் இரண்டு, வாழைமரம் ஒன்று, ரயில் என்ஜின் ஒன்று. முப்பதாவது நாங்கள். மேலிருந்து நான்காவது வரிசை, இடமிருந்து இரண்டாவது. கிட்டே போய்ச் சுற்றுகளை எண்ணினேன்.

ஆறு.

வடக்கில் எண்ணினேன், தெற்கில் எண்ணினேன். கிழக்கும் மேற்கும் எண்ணினேன். நான்கு பக்கமும் ஆறுதான். அரக்கு நிறம் எங்குமே இல்லை. சித்திரை வீதியோடு ஊர் முடிந்துபோயிருந்தது. கட்டத்தோடு கட்டத்தைச் சேர்க்கும்போது நாலா பக்கமும் அரை அங்குலம் உள்ளே மடித்துத் தைத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்? மலைக்கோட்டைக்கு மேலே அரை அங்குலம் ஆகாசம் போயிற்று. ஆகாசத்துக்குக் குடியிருப்பவர்கள் யாரும் இல்லை. எங்களுக்கோ தெருவே போய்விட்டது.

சங்கத் தலைவி பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரே அவரிடம் போனேன்.

"அம்மா, இதுல ஆறு சுத்துதான் இருக்கு. ஏழு இருக்கணும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கோயில் நல்லாத்தானே சார் தெரியுது? எல்லாரும் பாராட்டினாங்க."

"ஏழாவது உள்ள போயிடுத்து. பன்னிரண்டு அங்குலம்னு போட்டா அதுல ஓரமும் சேர்த்தின்னு போட வேண்டாமா?"

"தைக்கிறவங்களுக்கு அது தெரியும் சார். சொல்லணுமா?"

"தெரியும்னா கட்டத்தை வாங்கறபோதே சொல்லியிருக்கலாமே! ஏழையும் பார்த்துட்டுத்தானே வாங்கினேள்?"

"ஒரு சுத்து குறைஞ்சா என்ன சார் இப்ப? யாரு எண்ணப் போறாங்க?"

"நான் எண்ணியாச்சு."

பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என்ஜின் தைத்த அம்மாளின் கணவர், "ஸ்ரீரங்கத்துக்காரர் விடமாட்டார் போலிருக்கே" என்றார். தலைவிக்கு முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்குத் திருப்தி இல்லேன்னா பிரிச்சுக் கொடுத்திடறோம். திருப்பி அனுப்பினதா நோட்டுல எழுதிக்கறேன். சரிதானே?"

"எழுதிக்கோங்கோ" என்றேன்.

கட்டங்களை இணைத்தவர் பெரிய கடைவீதிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு முஸ்லிம் அம்மாள். அந்தக் கூடத்திலேயே சுத்தமான கை அவருடையது. ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல், நான் எண்ணியிருக்கிறேன். கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிரிக்கிறதுக்கு நாலு பக்கந்தான் சார், அஞ்சு நிமிஷம் ஆகாது. ஆனா வீட்ல கேட்டீங்களா?"

நான் கட்டத்துக்காகக் கையை நீட்டினேன். அவர் இன்னொரு நிமிஷம் காத்திருந்துவிட்டுப் பிரித்தார்.

கட்டத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருவானைக்காவல் தாண்டும்போதுதான் உறைத்தது. கிளி ஒன்று, விளக்கு இரண்டு, இது மூன்று. பஸ்ஸில் எத்தனை ஜன்னல் என்பதுவரை எண்ணுகிறவன், அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு மூன்று வரை எண்ணவில்லை.

அவளிடம் நடந்ததைச் சொன்னேன். கட்டத்தை வாங்கி விரித்துப் பார்த்தாள். அரக்குச் சுற்று நாலா பக்கமும் மடிப்போடு இருந்தது. அதை நகத்தால் நீவிக்கொண்டே சொன்னாள்:

"மூணாயிடுத்து."

"தப்பு அவா பேர்ல. தாள்ல ஓரம்னு போடவே இல்லை. நான் விவரமா ஒரு கடுதாசி எழுதறேன்."

"கடுதாசி இருக்கட்டும். என் புதன்கிழமையை யாரைக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தேள்?"

ஆனாலும் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம், பதினோரு குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் காட்டினேன். வாங்கிப் பின்பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதில் ஒரு புதுக் கணக்குப் போட்டாள்: நடுவில் ஐந்துக்குப் பதில் நான்கு, சுற்று ஏழுக்குப் பதில் எட்டு. நான்கும் எட்டும் பன்னிரண்டு.

"சந்நிதியையா குறைக்கறே?"

"பெருமாள் ஒரு அங்குலத்துக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார். இந்தத் தெருக்காராதான் கோவிச்சுப்பா."

பகலில் பதினோரு பேர் சாப்பாடு ஆன பிறகு கிடைத்த நேரத்தில் மொத்தத்தையும் பிரித்தாள். விமானத்தைச் சிறிதாக வெட்டினாள். இருபத்தெட்டு பட்டையிலும் ஒவ்வோர் அங்குலம் குறைத்தாள். எட்டாவது சுற்றுக்கு என்னுடைய கிழிந்த சட்டை ஒன்றிலிருந்து மணல் நிறத்தில் நான்கு பட்டை எடுத்தாள். கத்தரிக்கோலை நான் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பட்டைகளை எண்ணி அடுக்கி வைக்க மட்டும் அனுமதி. செவ்வாய்க்கிழமை மாலை முடித்துவிட்டாள்.

புதன்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். செய்தது நான், பேச வேண்டியதும் நான் என்று நினைத்தேன். கூடத்து வாசலில் அவள் என்னை நிறுத்தினாள்.

"நீங்கோ இங்கேயே நில்லுங்கோ. உள்ள வரப்படாது. வாயைத் திறக்கவே படாது."

ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். பெரிய ஜன்னல், பதினாறு கம்பி. உள்ளே பேசியது அத்தனையும் கேட்டது.

"என்னம்மா, உங்க பேரை எடுத்தாச்சே. மூணு தரம் ஆயிடுச்சில்ல?" தலைவியின் குரல்.

"ரெண்டுதான் ஆச்சு."

"இது மூணாவது. நோட்டுல எழுதியிருக்கேனே."

"மூணாவதை நீங்கோ திருப்பி அனுப்பலையே. எடுத்துண்டுட்டேள். தைச்சும் மாட்டிட்டேள். என் ஆத்துக்காரர் வந்து பிரிச்சு வாங்கிண்டு போனார். அவர் இந்தச் சங்கத்துல மெம்பரா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "இல்லையே" என்றார் தலைவி.

"மெம்பர் இல்லாதவர் எடுத்துண்டு போனது என் கணக்குல எப்படி வரும்?"

நோட்டின் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கடைவீதி அம்மாள் பேசினார்: "அந்த இடம் காலியாத்தான் இருக்குங்க. வெள்ளைத் துணி வெக்கச் சொன்னீங்க, நான் இன்னும் வெக்கல. ஓட்டையோட புள்ளைங்களுக்குக் கொடுக்க வேணாமேன்னு பார்த்தேன்."

"காட்டுங்க" என்றார் தலைவி. அளவுகோல் மேஜையில் வைக்கும் சத்தம். "ஓரம் விட்டிருக்கா?"

"விட்டிருக்கேன். சுத்தி இருக்கறது காவேரியும் கொள்ளிடமும். தைச்சா உள்ள போயிடும். கோடையில வழக்கமாப் போறதுதானே?"

இப்போது சிரித்தது ஒருவர் இருவர் இல்லை. தலைவியின் சிரிப்பும் அதில் இருந்தது. அவர் நோட்டை எடுத்து ஒரு வரியை அடிப்பது பேனா கிறீச்சிட்டதிலேயே தெரிந்தது. "உக்காரும்மா. நீயே வெச்சுத் தை. இவங்க சொல்லித் தருவாங்க" என்றார்.

இதோடு வெளியே வந்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். வரவில்லை. கடைவீதி அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு பக்கமும் தைத்தாள். பிறகு பஞ்சு வைக்கும் வேலை தொடங்கியது, அதற்கும் இருந்தாள். காப்பி வந்தது. டம்ளர் கொண்டுவராதவளுக்கு அந்த அம்மாள் தன்னுடையதைக் கழுவிக் கொடுத்தார். அவள் அதை உயர்த்திக் குடித்தாள். வாசலில் இரண்டரை மணி நேரமாக ஒருவன் நிற்கிறானே, அவனுக்கு ஒரு நாற்காலி போடுவோம் என்று முப்பத்தாறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே இருவரும் வெளியே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் நின்றாள்.

"ஐயோ, நீங்கோ இன்னும் ஆத்துக்குப் போகலையா?"

"நீதானே நிக்கச் சொன்னே?"

"பேசி முடிக்கற வரைக்கும்தானே சொன்னேன்?" என்றாள். அப்புறம் அந்த அம்மாளிடம் திரும்பி, "அடுத்த வாரம் நான் சீக்கிரமே வந்துடறேன், அந்த மடிப்பை இன்னொரு தரம் காட்டுங்கோ" என்றாள். இருவரும் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் மடிப்பைப் பற்றியே பேசிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் நடந்தேன்.