உட்கார்ந்து சமைக்க ஒரு மேடை

எங்கள் வீட்டுச் சமையல் மேடை என் இடுப்புக்குக் கீழே இருக்கிறது. நான் நின்று காய் நறுக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். பார்க்கிறவர்கள், "என்னாங்க, அளவு தப்பிப்பூடுச்சா?" என்று கேட்பார்கள். தப்பவில்லை. என் மனைவி உட்கார்ந்தபடி முழங்காலை உள்ளே விட்டுக்கொள்கிற உயரம் அது.

கம்மாபுரம் சாலையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததிலிருந்து அவளால் இடது காலை ஊன்றி நிற்க முடிவதில்லை. சக்கர நாற்காலி வந்தது. பழைய கடப்பாக்கல் மேடை அவள் மோவாய்க்கு நேராக இருந்தது. அடுப்பில் கொதிப்பதை எட்டிப் பார்க்க முடியாது. வாசனையை வைத்தே, "இறக்குங்க, அடி பிடிக்கப் போவுது" என்பாள். ஒன்றரை வருடம் நான் சமைத்தேன், அவள் நிலைப்படியில் இருந்து மேய்த்தாள். என் சாம்பாரைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் எழுதினால் எனக்கு மரியாதை மிஞ்சாது. ஒரு நாள் மட்டும் கேலி இல்லாமல் சொன்னாள்: "காலுதான போச்சி. கையுமா போச்சி?"

அன்று மத்தியானமே தாழ்வான மேடை ஒன்றை நானே கான்கிரீட்டில் வார்ப்பது என்று முடிவு செய்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறவன் நான். களிமண் கூழை அச்சில் ஊற்றி ஃப்யூஸ் கட்டை எடுப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அச்சில் ஊற்றுவதை எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? பின்கட்டில் பிளைவுட் பலகையால் அச்சு கட்டினேன். கம்பி வலை போட்டேன். பட்டறை வாசலில் கழித்துக் கொட்டியிருந்த உடைந்த பீங்கானைப் பொறுக்கி வந்து ஜல்லியோடு கலந்தேன். தேய்க்கும்போது வெள்ளை வெள்ளையாய் முகம் காட்டும் என்று ஆசை.

பிறகுதான் எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். பட்டறையில் இன்னும் சுடாத பச்சைப் பொருளை முதலில் நிழலில் காய வைப்போம், பிறகு வெயிலில். கொஞ்சம் ஈரம் தங்கினாலும் சூளையில் வெடித்துவிடும். ஈரம் என்றாலே எங்களுக்குப் பகை. அதே பக்குவத்தில், வார்த்த கான்கிரீட் பலகையை ஒரு நாள் நிழலில் விட்டேன், மறுநாளிலிருந்து சித்திரை வெயிலில் காயப்போட்டேன். பக்கத்து வீட்டுக் கொத்தனார் மதில் மேலாக எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னாண்ணே, சூளையில வேற வெக்கப் போறீங்களா? சிமெண்டுக்குத் தண்ணி ஊத்திக்கினே இருக்கணும்ண்ணே. காய வெச்சீங்கன்னா செத்துப்பூடும்."

நகத்தால் கீறினேன். மாவாக உதிர்ந்தது. மேலெல்லாம் மயிரிழை விரிசல். என் மனைவியும் ஒரு காலத்தில் பட்டறையில் பொருளைத் தட்டி, ஓசையை வைத்துத் தரம் பிரிக்கும் மேசையில் இருந்தவள்தான். விபத்துக்குப் பிறகு போவதில்லை. நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். "தேறாதுங்க" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சரி விடுங்க, எல்லாம் போதும் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயந்தேன். அவளோ, "இன்னொண்ணு ஊத்துங்க. இந்த வாட்டி தண்ணி நான் ஊத்தறன்" என்றாள்.

ஊற்றினாள். ஈரச் சாக்கு மூடிய பலகைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூன்று வேளையும் சொம்பு சொம்பாக ஊற்றினாள். மூன்று வாரம் கழித்து மறுபடியும் தட்டிப் பார்த்தாள். இந்த முறை சிரித்தாள்.

மெருகு போடும் வேலை ஆரம்பித்தது. வீட்டில் இரும்பு வெட்டுகிற கிரைண்டர் இருந்தது. அதில் 'பேடு' என்கிற, வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டை மாட்டி ஒரு ஓரத்தில் வைத்ததுமே புகை கிளம்பி, பேடு கருகி, பலகையில் ஒரு பழுப்புத் தடம் விழுந்தது. மங்கலம்பேட்டைப் பக்கம் கிரானைட் வேலை செய்கிற பாய் ஒருவரிடம் போய் நின்றேன். பாய் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். "அது வெட்டற மெஷினுங்க, பேய் மாதிரி சுத்தும். மெருகுக்கு மெதுவா சுத்தறதுதான் வேணும், தண்ணியோட" என்று தன் மெஷினையே எடுத்துக் கொடுத்தார். நடுவில் தண்ணீர் வழிகிற மெஷின் அது. ஈரத்தில் ஷாக் அடிக்காமல் இருக்கத் தானாக அணையும் பிளக்கையும் சேர்த்துக் கொடுத்தார். "அம்பது, நூறு, எரநூறு, நானூறுன்னு, சொரசொரப்புலேருந்து நைசுக்கு, நம்பர் வரிசையா பேட மாத்திக்கினே போங்க. ஒண்ணத் தாண்டினீங்கன்னா அந்தக் கீறலு கடைசி வரைக்கும் கூடவே வரும்" என்றார்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் தூக்கத்தில் நடந்தவை போலவே இருக்கின்றன. காலை ஷிஃப்ட் முடிந்து வந்து மெஷினைப் போடுவேன். விடாத ரீங்காரம். சாம்பல் நிறப் பால் பலகையில் ஊறி, ஓரத்தில் வழிந்து, முருங்கை மரத்தடியில் தேங்கும். கை தானாக வட்டம் போடும், மனம் எங்கேயோ போய்விடும். ஐம்பதாம் நம்பரில் பீங்கான் சில்லுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, பாயசத்தில் தேங்காய்ச் சில் மாதிரி. நானூறில் பின்வாசல் வெளிச்சம் ஒரு வெண்ணிறப் பட்டையாக உள்ளே இறங்கியது. எண்ணூறில் முருங்கை இலைகளின் பிம்பம் வந்தது. எந்த நாள், என்ன மணி என்பதே தெரியாமல் தேய்த்தேன். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மெஷின் சத்தத்தில் பேச முடியாது. பேசாமல் அத்தனை நேரம் சேர்ந்து இருந்தது கல்யாணமான புதிதுக்குப் பிறகு அப்போதுதான்.

நம்பர் மாற்றுவதற்கு முன் அவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவாள். ஒரு நாள், "இந்த எடத்துல நூறாம் நம்பர் கீறலு இன்னும் நிக்குதுங்க" என்றாள். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. "உனக்கு வேற வேலை இல்ல" என்று எரிந்து விழுந்தேன். தண்ணீர் காய்ந்ததும் பார்த்தால், அவள் விரல் வைத்த இடத்திலேயே பிறை பிறையாகக் கீறல். இருநூறுக்கே திரும்பிப் போனேன். விளிம்பை மட்டும் மெஷினை நம்பாமல் கைப்பேடால் தேய்த்தேன், அவள் மணிக்கட்டு உரசுகிற இடமாயிற்றே. மிச்சக் கலவையில் வார்த்து வைத்திருந்த சிறு துண்டில் புளிக்கரைசல் விட்டுப் பார்த்ததில் வெள்ளையாகத் தடம் அரித்தது. புளி இல்லாமல் என்ன சமையல்? சாப்பாடு படுகிற இடத்துக்கென்று விற்கும் சீலர் பூச்சை மூன்று கை பூசி, அதன் மேல் புளியை அவளே ஊற்றிப் பார்த்த பிறகுதான் சரி என்றாள்.

நான்கு பேர் தூக்கி வந்து தாழ்வான இரண்டு செங்கல் கட்டைச்சுவர்களின் மேல் வைத்தோம். நடுவில் நாற்காலி நுழையக் காலியிடம், மேலே ஓரத்தில் அடுப்பு. மறுநாள் காலையில் அவள் உருண்டு வந்தாள். முழங்கால் இடிக்காமல் உள்ளே போயிற்று. வெங்காயத்தை எடுத்தாள். நான் பின்னாலேயே நின்று எண்ணெய்த் தூக்கை நீட்டினேன், கரண்டியை நீட்டினேன். மூன்றாவது தடவை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க போயி வெளிய உக்காருங்க."

போய்க் கூடத்தில் உட்கார்ந்தேன். உள்ளே கடுகு பொரிந்தது. எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான் என்று சொன்னால் அது பாதிப் பொய். அவள் என்னை எதிர்பார்த்துக் காத்திருந்த ஒன்றரை வருடம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அது அன்று காலை வரை எனக்கே தெரியாது.

"சாப்பிட வாங்க" என்று அவள் கூப்பிட்டாள். காதில் விழுந்தது. ஆனாலும் எழுந்திருக்காமல், இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.