தகரக் கூரையடியில் கிடந்த வில்

இருபது வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நான் சைகோனுக்கு வடக்கே, பின் யுவோங்கில் ஒரு ஷூ கம்பெனியில் மெஷின் பராமரிப்பு வேலையில் இருந்தேன். எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய வேட்டை வில் சேர்ப்பது. இரண்டு நுனியும் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும் ‘ரீகர்வ்’ வில்கள். மெல்லிய மரப் பட்டைகளையும் கண்ணாடி இழையையும் அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். “நாப்பது வயசுல வில்லு விளையாட்டு கேக்குதா?” என்று மனைவி ஊரிலிருந்து போனில் திட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த காரைக்கால்காரர் ஒருவர் என்னை ஸ்கூட்டரில் குச்சி என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். எங்களுக்கெல்லாம் அவர் ‘நானா’, அவர்கள் பேச்சில் அண்ணன். வியட்நாம் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அங்கே மாடு வளர்க்கும் ஓர் அம்மாவிடம் அமெரிக்க வில் ஒன்று இருப்பதாக அவர் காதுக்கு வந்திருந்தது. அந்த அம்மாவின் அப்பா போர்க்காலத்தில் அமெரிக்க முகாமில் துணி வெளுத்தவர். ஊர் திரும்பிய சிப்பாய் யாரோ கொடுத்துவிட்டுப் போன வில்லாம். எழுபத்தைந்தில் ஆட்சி மாறியதும், அமெரிக்கச் சாமான் வீட்டில் இருந்தால் வம்பு என்று பயந்து, தகரக் கூரைக்கடியில் செருகி வைத்துவிட்டார்.

அந்த அம்மா சாக்கைப் பிரித்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வருடக்கணக்கில் படத்தில் மட்டுமே பார்த்த வில்! ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஆசை தெரிந்தால் விலை ஏறும் என்பது எங்களைப் போன்றவர்களின் கணக்கு. பழைய வில் வாங்குமுன் அதன் மேல் பஞ்சைத் தடவிப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத விரிசலில் பஞ்சு சிக்கும். என் சட்டைப்பையில் பஞ்சு இருந்தது, நான் எடுக்கவில்லை. எடுத்தால் விஷயம் தெரிந்தவன் என்று புரிந்துவிடுமே! ஒன்றும் தெரியாத ஆளைப்போல, கூடவே இருந்த நாணைப் பூட்டினேன்.

அந்த அம்மா கையை ஆட்டி ஏதோ சொன்னார்.

“இழுக்க வேணாங்குது தம்பி. ரொம்ப வருசமா சூட்டுல கெடந்ததாம்” என்றார் நானா.

“சும்மா பாக்குறேன் நானா.”

சூட்டில் பசை விட்டுப்போகும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆசை யாரை விட்டது? அம்பில்லாமலே தாடைவரை இழுத்துவிட்டேன்.

‘டிக்’ என்றது.

வில்லின் மேல் பாதியில் ஓர் அடுக்கு, நகம் பெயர்வதுபோல என் கண்ணெதிரே எழும்பியது. நாணை விட்டால், தள்ளுவதற்கு அம்பு இல்லாத வில் தானே வெடிக்கும். துண்டுகள் என் முகத்துக்குத்தான் வரும். மெல்லத் தளர்த்தலாம் என்றால், கையுறை இல்லாத விரல்கள், வியர்வை வேறு. தோள் ஆடத் தொடங்கியது. மோதிர விரல் வழுக்கிவிட்டது. மிச்சம் இரண்டு விரல். கண் போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். கண் போனால் மெஷின் வேலை எது, ஊரில் இரண்டு பிள்ளைகளின் கதி என்ன? அடக்கடவுளே, ஒரு வில்லுக்காகவா!

“நானா, பிடிங்க!” என்று அலறினேன்.

“யா அல்லா! எங்க பிடிக்கிறது?” என்றவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த அம்மாதான் ஓடி வந்தார். என் விரல்களுக்கு மேலும் கீழுமாக நாணை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். திமிறுகிற மாட்டின் கயிற்றை வெடுக்கென்று விடாமல், அதன் இழுப்புக்குக் கூடவே நடந்து தளர்த்துவார்களே, அப்படி அங்குலம் அங்குலமாக விட்டுக்கொடுத்தார். மறுபடி ஒரு ‘டிக்’. அப்புறம் இன்னொன்று. அவர் முகம் என் முகத்தைவிட வில்லுக்குக் கிட்டே இருந்தது. பாதிக்கு மேல் தளர்ந்த பிறகு, மேல் பக்கம் படாரென்று முறிந்தது.

நான் கண்ணைத் திறந்தேன். இரண்டு கண்ணும் தெரிந்தது. எதிரே அந்த அம்மாவின் கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அவர் கழுத்துத் துணியால் கன்னத்தை அழுத்திக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார்.

“ஒங் கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேக்குது” என்றார் நானா.

அழுதுவிட்டேன். பக்கத்து மருத்துவமனையில் அவருக்கு மூன்று தையல் போட்டார்கள். வெளியே வந்ததும், விலை ஏறிவிடும் என்று பயந்து சோதிக்காமலே இழுத்ததை ஒன்றுவிடாமல் நானாவைச் சொல்லச் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

“வெலையா? நான் எங்க வெல சொன்னேன்? வேணும்னா எடுத்துட்டுப் போகட்டும்னுதானே எறக்கினேன்னு சொல்லுது தம்பி.”

அதற்குப் பிறகு வாங்கிய ஒவ்வொரு வில்லையும், “இது அபூர்வமான சாமான்” என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே சோதித்துத்தான் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் கண்கள் தெரிந்தால், முன்பின் தெரியாத ஓர் அம்மா தன் முகத்தைக் கொடுத்துக் காப்பாற்றியவை இவை என்ற நினைப்பில் கத்தியை இன்றும் ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டுத்தான் மறுபடி எடுக்கிறேன்.