மூஞ்சி கழுவிச் சொன்ன சொல்

என் வீட்டுக்காரர் வெற்றிவேல் மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளி இந்த ஜவ்வாது மலையிலேயே கிடையாது. மஞ்சுளா சொல்கிறேன், அவரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்தானே! புதூர்நாட்டுப் பக்கம் ஜீப் ஓட்டுகிறார். போலீஸ்காரர் கை காட்டினால் போதும், வண்டி நிற்பதற்கு முன்னாலேயே கும்பிட்டுவிடுவார். வீட்டில் பல்லி விழுந்தால் விரட்ட என்னைத்தான் கூப்பிடுவார். "இன்னா ஆம்பளய்யா நீ!" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனுசன் முகத்தில் அரிதாரம் ஏறிவிட்டால் வேறு ஆள். எங்கள் ஊர்த் திருவிழாக் கூத்தில் அவர்தான் கட்டியக்காரன். ராஜா வருகிறார் என்று கட்டியம் சொல்வதும் அவரே, அந்த ராஜாவைக் கேலி பண்ணுவதும் அவரே. எதிரே உட்கார்ந்திருக்கிற பெரிய மனுசர்களையும் விடமாட்டார். அதற்கு எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அரிதாரத்தோடு பேசிய பேச்சை யாரும் பஞ்சாயத்துக்குக் கொண்டுவரக் கூடாது. வேஷம் பேசியது, ஆள் பேசவில்லை என்று விட்டுவிட வேண்டும்.

ராஜா வேஷம் பாலமுருகனுக்கு. ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த் தலைவர் அவர். ஊரில் ஓடும் ஜீப்புகளும் அவருடையவை, என் வீட்டுக்காரர் ஓட்டுவது உட்பட. கூத்தின் கதை இதுதான்: என் நாட்டில் யாரும் அழக் கூடாது என்று ஒரு ராஜா ஆணை போடுகிறான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அவன் சபைக்கே வந்து அழுகிறாள். கடைசியில் ராஜா தலை குனிவான், அவள் அவன் கிரீடத்தைக் கழற்றுவாள். பாலமுருகன் வேஷம் கட்ட ஆரம்பித்ததும் அதை மாற்றிவிட்டார். "எந்தலையில எவ கைய வெக்கிறது?" என்றார். இப்போதெல்லாம் அந்தத் தாய்தான் ராஜா காலில் விழுகிறாள். கூத்து வாத்தியாரிலிருந்து மத்தளக்காரர் வரை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

இந்த வருசம் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால், மங்கம்மாள் அத்தையின் ஒரே மகன் சின்னராசு ஓட்டிய ஜீப் கொண்டை ஊசி வளைவில் உருண்டது. வண்டியில் அவன் மட்டும்தான். அங்கேயே உயிர் போய்விட்டது. பையன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று பாலமுருகன் சொன்னார். விசாரிக்க வந்தவர்களிடம் ஊரும் அதையே சொன்னது. அடப்பாவிகளா, சாராய வாடைக்கே மூக்கைப் பொத்திக்கொள்கிற பிள்ளை அது! அதற்கு முந்தின நாள் அந்த வண்டியை ஓட்டியது என் வீட்டுக்காரர். பிரேக் பிடிக்கவில்லை, எடுக்க வேண்டாம் என்று பாலமுருகனிடம் சொன்னதும் அவர்தான்.

"யாருகிட்டயும் மூச்சு வுட்றாத" என்று அவர் வாயைப் பொத்தினேன். சொன்னால் எங்களை ஊர் விலக்கிவைத்துவிடும். குழாயில் தண்ணீர் பிடிக்க முடியாது, ஜீப்பில் ஏற முடியாது, எங்கள் மகள் கவியாவோடு எந்தப் பிள்ளையும் பேசாது. அவர் தலையை ஆட்டினார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி நாள் கூத்து எங்களுக்குப் பகலில்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ராஜா சபையில் உட்கார்ந்ததும் கட்டியக்காரன் கேட்டார்: "மகாராஜா, உங்க தேரு நல்லா ஓடுதுங்களா?"

சனம் சிரித்தது. "ஓடுது. அதுக்கு இன்னாடா இப்ப?" என்றார் ராஜா.

"ஓடும் மகாராஜா, நிக்காது. பிரேக் இல்லன்னு சொல்லியும் சின்னராச ஏத்தி அனுப்பினீங்களே, அந்தத் தேரத்தான் கேக்குறேன்."

சிரிப்பு நின்றுபோனது. படுபாவி மனுசா, குடியைக் கெடுத்துவிட்டாயே! கவியாவை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டேன்.

பாலமுருகன் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "ஆமாண்டா. பிரேக் இல்லன்னு நீ சொன்ன. எட்றா வண்டியன்னு அவன அனுப்பினது நாந்தான். இன்னா பண்ணுவ?" என்றார். அவர் முகத்திலும் அரிதாரம் இருந்ததே, அந்தத் தைரியம். அவர் சொன்னதையும் யாரும் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோக முடியாது. கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மங்கம்மாள் அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டாரா? ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி என் வீட்டுக்காரர் முன்னால் நீட்டினார். "இதுவரிக்கும் வேஷம் பேசிச்சு. மூஞ்சியக் கழுவிட்டு நீ பேசு பாக்கலாம், வெற்றிவேலு."

"கழுவாதய்யா!" என்று கத்தினேன். சொம்பை வாங்கும்போதே பாதித் தண்ணீரைத் தரையில் கொட்டினார். மீதியில் கழுவினார். துண்டால் துடைத்ததும், பல்லிக்குப் பயப்படுகிற அந்த முகம் வெளியே வந்தது.

"பிரேக் இல்லீங்க" என்றார். குரல் பாதிதான் வந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

அன்று மத்தியானமே பஞ்சாயத்து கூடியது. கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பாலமுருகனே நடுவில் உட்கார்ந்தார். அவர் சொன்னதைப் பற்றி ஒருத்தரும் பேச்செடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் மூஞ்சி கழுவிச் சொன்னதுதான் வழக்கு.

"நீ சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லு, வூட்டுக்குப் போ. இல்லாட்டி உனக்கும் ஊருக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல" என்றார் பாலமுருகன்.

ஊரில் வாயாடி என்று பேரெடுத்தவள் நான். அன்றைக்கு என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "சொல்லித் தொலைய்யா! பொய்யின்னு சொல்லிட்டா இன்னா கொறஞ்சுபோவுது? பொண்ண நெனச்சுப் பாருய்யா!"

அவர் என்னைப் பார்த்தார், கவியாவைப் பார்த்தார். பிறகு பாலமுருகனைப் பார்த்துக் கும்பிட்டார். அப்பாடா, சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பயமாத்தான் இருக்குதுங்க" என்றார். "ஆனா பிரேக் இல்லீங்களே."

விலக்கிவைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பவருக்கும் அதே கதிதான் என்று தீர்ப்பு. குழாயடிக்குப் போனால் எல்லாரும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சில நாள் வாசலில் ஒரு ஜீப் வந்து நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள், எதுவும் பேச மாட்டார்கள். கொஞ்ச நேரம் உறுமிவிட்டுப் போகும். அது போகிறவரைக்கும் நாங்கள் மூன்று பேரும் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்திருப்போம்.

ஒரு நாள் உச்சி வெயிலில் கதவைத் தட்டும் சத்தம். இடுக்கு வழியாகப் பார்த்தால் மங்கம்மாள் அத்தை. தெருவில் எல்லாரும் அவரவர் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

"போய்டு அத்த, உன்னியும் வெலக்கிடுவாங்க" என்றேன்.

"என்னிய வெலக்குறதுக்கு எனக்கு யாருடி இருக்காங்க? சோறு போடு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். கதவைச் சாத்தப் போனேன். "தொறந்தே இருக்கட்டும், பாக்கட்டும்" என்றாள்.

சாமைச் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை அவள் பக்கத்தில் கூப்பிட்டாள். சோற்றைப் பிசைந்து, முதல் உருண்டையை அவர் வாயில் ஊட்டினாள்.