பெருக்கிப் பெருக்கி வெளுத்த மலைச்சரிவு

தம்பி சரவணன் தன் டுரியான் மரங்களை வெட்டப்போகிறான் என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு, லேடாங் மலையோரம், தங்காக் பக்கத்தில் நான்கு வருடங்களாகப் பிள்ளை மாதிரி வளர்த்த தோட்டம். சரிவின் மேல்பாதி மரங்கள் மஞ்சளித்துவிட்டன, பிடுங்கித் தள்ள திங்கட்கிழமை பேக்ஹோ இயந்திரம் வருகிறது என்றான். எனக்கும் பள்ளி விடுமுறைதான். சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஸ்கூடாயிலிருந்து காரை எடுத்துவிட்டேன்.

தூரம் நூற்று எழுபது கிலோமீட்டர் சொச்சம். ஆயர் ஈத்தாமில் இறங்கிக் காலைச் சாப்பாடாக ரொட்டி சானாய், தே தாரிக் டீ, செலவு ஆறு வெள்ளி. (பானைக் கடைப் பக்கம் மட்டும் போகாதீர்கள், கார் நிறைந்துவிடும்.) ஒன்பதரைக்கெல்லாம் தோட்டத்தில் இருந்தேன்.

பார்த்ததும் வாயைப் பிளந்தேன். அவ்வளவு சுத்தம்! சருகு இல்லை, புல் இல்லை. நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். வாசலில் குப்பை கிடந்தால் அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி லயமே பேசும். சரவணனின் மனைவி கவிதாவும் அப்படி வளர்ந்தவள்தான். வாரம் தவறாமல் ஒவ்வொரு மரத்தடியையும் பெருக்கி, சருகை அடிவாரத்தில் குவித்து எரிக்கிறாளாம். நான்கூடப் பாராட்டினேன்.

"உரம் போட்டுக்கிட்டேதான் இருக்கோம்க்கா. மேல தேறவே மாட்டேங்குது, கீழ உள்ளது மட்டும் கொழுத்துப்போய் நிக்குது. மலை மண்ணே இப்படித்தான் லா," என்றான் சரவணன்.

மண்வெட்டியால் கொத்திப் பார்த்தேன். மேலே செக்கச்செவேலென்று இறுகிய களிமண். அடிவாரத்திலோ பொலபொலவென்று கறுப்பு மண். கனமழையில் மேல்மண் கரைந்து இறங்கும்போது தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கூடவே இறங்கிவிடும். தம்பி சொல்வது சரி என்றுதான் நானும் நினைத்தேன்.

மதியம் மனம் கேட்காமல் வேலியைத் தாண்டிக் காட்டுப் பாதையில் ஏறினேன். வாடிய மரங்கள் நிற்கும் அதே உயரத்தில் கால் வழுக்கி விழுந்தேன். ஊன்றிய கை மணிக்கட்டு வரை சருகுக்குள் போனது. எடுத்தால் கை நிறையக் கறுப்பு மண், ஈரம், மண்புழு. அதே சரிவு, அதே மழை, நடுவில் ஒரு வேலி மட்டும்தான்! காட்டில் சருகு மழையின் அடியைத் தாங்குகிறது, வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன, மக்கும் இலை தான் எடுத்த சத்தைத் திரும்பக் கொடுக்கிறது. அந்தப் போர்வையைத்தான் இவர்கள் வாராவாரம் உருவி எரித்திருக்கிறார்கள்.

அந்த மண்ணைக் கொண்டுவந்து இருவருக்கும் காட்டினேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் போட்டு உடைத்துவிட்டேன்.

கவிதாவின் முகம் வெளிறிவிட்டது. "அப்போ மரத்தோட சாப்பாட்ட நானே கூட்டித் தள்ளிக்கிட்டிருந்தேனாக்கா?"

"அலமாக்! ஒரு வாரம் பெருக்கலைன்னா சத்தம் போட்டது நான்தானே," என்றான் சரவணன். உடனே எழுந்துபோய் பேக்ஹோகாரருக்குப் போன் செய்து, "அண்ணே, திங்கக்கிழம வர வேணாம்," என்றான்.

மலைச்சரிவில் நிலம் வாங்க நினைப்பவர்களுக்கு: மேலே, நடுவே, அடிவாரத்தில் என்று தனித்தனியாக மண் எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள். ஒரே மலைதானே என்று எல்லா இடத்துக்கும் ஒரே உரம் போடாதீர்கள். சருகை மரத்தடியிலேயே விடுங்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடுங்கள். பக்கத்தில் காடு இருந்தால் அதன் மண்ணையும் கிளறிப் பாருங்கள். மதியத்துக்குமேல் மழை பிடிக்கும், பிடிமானமுள்ள காலணி அவசியம். மேல்பாதி மரங்கள் எல்லாமே பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது. போன மண் சீக்கிரம் திரும்பாது.

நேற்று கவிதா போன் செய்தாள். பக்கத்துத் தோட்டத்து அம்மா வந்து, பெருக்காமல் விட்ட மரத்தடிகளைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனாராம்.

"'என்னம்மா இப்படிக் குப்பையாக் கெடக்கு, யாருக்கும் உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டாங்கக்கா. ஆமா, நாலு வருசமா மண்ணுக்குத்தான் சரியில்ல, இப்பதான் படுக்க விட்டிருக்கோம்னு சொன்னேன்."