வானத்தை மிச்சம் விட்ட மாஸ்டர்

காலையில் அழைத்தது சுவாமியார்தான். “ரீச்சர், அண்ணை எங்களை விட்டுப் போட்டார்” என்றார்.

குருநகரில் பௌதிகம் படித்தவர்களுக்கு அந்தோனி மாஸ்டரைத் தெரியும். அவருடைய தம்பிதான் பாதிரியாரான இந்தச் சுவாமியார் என்பதும், இருவரும் பல வருடங்களாகக் கதைக்காமல் இருந்தவர்கள் என்பதும் தெரியும். தாயின் செத்தவீட்டில் மாஸ்டர் செபத்துக்கு முழந்தாளிடவில்லை. தம்பி அதை எல்லோர் முன்னாலும் கண்டித்தார். அவ்வளவுதான்.

மாஸ்டர் நோயில் விழுந்தபோது, கனடாவிலிருக்கும் மகள் ஒரு படப்புதிர்ப் பெட்டி அனுப்பினாள். அட்டைத் துண்டுகளைப் பொருத்தினால் பழைய ஐரோப்பிய ஓவியமொன்று வரும். கீழே தொலைநோக்கியோடு ஓர் அறிஞர், அவரைச் சுற்றிக் குருமார், மேலே மேகங்களும் சிறகு விரித்த சம்மனசுகளும். மாஸ்டரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்த நான் பின்னேரங்களில் போய் உதவுவேன். கடற்காற்று யன்னல் சீலையை ஊதிவிடும். எந்த நூற்றாண்டில் இருக்கிறோம் என்பதே எங்களுக்கு மறந்துபோகும். ஆனால் அறிஞரையும் குருமாரையும் முடித்த மாஸ்டர், வானத்தைத் தொடவே மாட்டேன் என்றார்.

“அது என்ரை இலாகா இல்லை, ரீச்சர்.”

எனக்குக் கோபம் வந்தது. சாகக் கிடக்கிற மனிதருக்கு இவ்வளவு வீம்பா? சுவாமியாருக்கு நானே ரெலிபோன் எடுத்தேன். “வானம் முழுக்க மிச்சம் கிடக்குது. வந்து அடுக்கித் தாங்கோ, சுவாமி.”

வந்தார். நேரே மேசைக்குப் போய் மேகங்களை அடுக்கத் தொடங்கினார். வெயில் மேசையில் மெல்ல ஊர்ந்தது; தூரத்தில் ஒரு வள்ளத்தின் சத்தம் கேட்டு மறைந்தது. பொருந்தாத துண்டொன்றைச் சுவாமியார் பெருவிரலால் அமத்திக்கொண்டிருந்தார். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

“சின்னனிலையும் நீ உப்பிடித்தான். வராததை அமத்தி வரப்பண்ணுறது.”

“நீங்களும் அப்பிடித்தான், அண்ணை. வராட்டி எறிஞ்சுபோட்டு எழும்பிறது.”

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே சுவாமியாரின் கண் நிறைந்துவிட்டது. தேத்தண்ணி போடுகிற சாட்டில் நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அதன்பின் அவர் தினமும் வந்தார். வானம் முடிந்தது. மாஸ்டரும் படுக்கையோடு ஆனார். ஒரு பின்னேரம் சுவாமியார் கட்டிலோரம் நின்று, பயந்து பயந்து கேட்டார்: “அண்ணை, செபம் சொல்லட்டே?”

நான் கதவடியிலேயே நின்றுவிட்டேன். மறுத்தால் எல்லாம் பழையபடி உடைந்துவிடும்.

மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. “சொல்லு தம்பி. நான் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்.”

நம்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை. சாகும்போதும் பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் செபம் முடியும்வரை தம்பியின் கையை விடவும் இல்லை.

மாஸ்டரை அறிந்தவர்களே, அவருடைய சூத்திரங்களும் பகிடிகளும் உங்களிடம் இருக்கட்டும். தனக்கு நம்பிக்கையில்லாத ஒன்றைத் தம்பிக்காக அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பின்னேரத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.