அண்ணனுக்கு ஒரு துப்பாக்கி லைசென்ஸ்

துபாயில், அல் குசைஸ் கேம்ப்பில் எங்கள் ரூமுக்குத் தாலுகா ஆபீஸ் என்று பெயர். அந்தப் பெயர் வரக் காரணம் நான்தான். எனக்கு வேலை என்னவோ சைட்டில் கம்பி கட்டுவது. ஆனால் பத்தாவது வரை படித்திருந்தேன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், மனு எழுத வரும். வெள்ளிக்கிழமை லீவு நாளில் ரேஷன் கார்டு, பட்டா மாறுதல், தம்பிக்கு வேலை என்று ஆளுக்கொரு குறையோடு என் கட்டிலுக்குக் கீழே வந்து உட்காருவார்கள். நான் மேல் கட்டிலில் இருந்துகொண்டு, 'சமூகத்திற்குப் பணிவுடன் எழுதிக்கொள்வது' என்று தொடங்குவேன். எழுதி முடித்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இல்லை, நிறையவே உண்டு.

எண்பதுகளின் நடுவில் அந்தத் திமிருக்கு ஒரு சோதனை வந்தது.

எங்கள் ஊர் மலையடிவாரம். கடலை போட்டால் பாதி நமக்கு, பாதி காட்டுப்பன்றிக்கு. அப்பா பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், தேர்தல் முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார். அப்பா இறந்தபின் அண்ணன் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்தார். அவர் பெயருக்கு லைசென்ஸ் மாறினால்தான் திரும்பக் கிடைக்கும். கலெக்டர் ஆபீஸில் போட்ட மனு நகரவில்லை.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் லீவு முடிந்து வந்தார். வீட்டில் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைக் கொண்டுவந்தார். அதில் மாங்காய் ஊறுகாய், எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. படம் போட்ட காலண்டர், ஒரு கேசட், அண்ணனின் கடிதம்.

'எம்.எல்.ஏ. ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் கலெக்டர் ஆபீஸில் காரியம் நடக்கும். அப்பா அவருக்காகத் தேர்தல் வேலை பார்த்தவர். நீ அங்கிருந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதி எனக்கு அனுப்பு. துபாயிலிருந்து வந்த கடிதம் என்றால் மதிப்பு உண்டு. சட்டசபை இல்லாத வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் ஆட்களைப் பார்க்கிறார், நேரில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறேன்' என்று அண்ணன் எழுதியிருந்தார்.

அந்தக் காலத்தில் கேசட் வந்தால் ரூமே கூடிக் கேட்கும். யார் வீட்டுக் கேசட் என்றாலும் அதுதான் வழக்கம். ஒருவன் அம்மா அழுதால் எட்டுப் பேரும் துண்டை எடுப்போம். என் கேசட்டின் முதல் பக்கத்தில் அம்மா பேசினாள், அண்ணன் பேசினார், என் மகள் ஆத்திசூடி சொன்னாள். என் மனைவி, எல்லோரும் சுகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டாள். மாமியாரும் என் அண்ணனும் நிற்கும்போது வேறென்ன பேசுவாள். மறுபக்கம் அண்ணன் டவுனில் பதிந்து அனுப்பிய சினிமாப் பாட்டு. டேப்ரிக்கார்டர் வைத்திருந்த கீழ்க்கட்டில் நண்பர், "மாப்ள, பாட்டுப் பக்கத்த நாங் கேட்டுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கே மனு எழுதினேன். பன்றி தின்ற கடலையை விவரித்ததில் எனக்கே கண் கலங்கியது. அண்ணனைப் பற்றி, 'ஈ எறும்புக்கும் தீங்கு நினையாத சாது' என்று எழுதினேன். பாட்டரி தீர்ந்துபோனதற்காக ரேடியோவைக் கிணற்று மேட்டில் போட்டு உடைத்தவர் அவர். எழுதுகிற ஜோரில் உண்மை எங்கே ஞாபகம் வருகிறது? வாசித்துக் காட்டினேன். ரூமில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த வியாழக்கிழமை பம்பாய் வழியாக ஊருக்குப் போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன்.

அதற்கடுத்த வியாழக்கிழமை சாயங்காலம், டியூட்டி முடிந்து குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கீழ்க்கட்டில் நண்பர் பாட்டுக் கேட்டபடியே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டு முடிந்தது. கையில் வெங்காயம் இருந்ததால் அவர் டேப்பை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு என் மனைவியின் குரல் வந்தது. மெதுவாக, அவசரமாக.

"நாந்தான் பேசுறேன். எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்காக. கிணத்துல தண்ணி முறைக்கு உங்க அண்ணனுக்கும் எங்கப்பாவுக்கும் சண்டை. கைகலப்பாகிப்போச்சு. துப்பாக்கி கைக்கு வரட்டும், பன்னிய மட்டுமா சுடுவேன்னு உங்க அண்ணன் நாலு பேருக்கு முன்னாடி சொன்னாக. எங்கப்பா சிரிச்சிட்டுப் போயிட்டாரு. எனக்குச் சிரிப்பு வரல. லைசென்சுக்கு உங்கள எழுதச் சொல்லுவாக. எழுதாதீக."

அவ்வளவுதான். டேப் ஓடி முடிந்து பட்டன் தானாக மேலே வந்தது.

என் மாமனாருக்கும் அண்ணனுக்கும் ஒரே கிணற்றில் பங்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மோட்டார் போடும் முறை. சண்டை என்பது எனக்குப் புதிதில்லை. துப்பாக்கி என்பதுதான் புதிது. அந்தக் கேசட் ரூமுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. என் தலைமாட்டுக்கு மூன்றடி கீழே அவள் குரல் இருந்திருக்கிறது, நான் மேலே உட்கார்ந்து சாது என்றும் எறும்பு என்றும் எழுதியிருக்கிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவை ஜன்னல் வழியாக எறிந்தேன்.

நண்பர் கத்தியைக் கீழே வைத்தார். "மாப்ள, ஆத்திரப்படாத. கடுதாசி எப்பப் போயிருக்கும்?"

"திங்கள், செவ்வாய்க்கெல்லாம் கெடச்சிருக்கும்."

"எம்மெல்லேய என்னைக்குப் பாக்கலாம்?"

"வெள்ளிக்கிழமை காலையில."

"அப்ப நாளைக்கு" என்றார் அவர்.

தந்தி கொடுக்கலாமா என்று யோசித்தோம். வெள்ளிக்கிழமை காலைக்குள் போய்ச் சேருமா என்று தெரியாது. அண்ணனுக்கே போன் போடலாம் என்றால் ஊரில் போன் இருந்தது ஒரே ஒரு ரைஸ்மில்லில். அங்கிருந்து ஆள் போய் வயலில் தேடி அவரைக் கூட்டிவர வேண்டும். அதைவிட, உண்மையைச் சொல்கிறேன், அண்ணனோடு பேச எனக்குப் பயம். யார் சொன்னது என்று கேட்பார். அந்த வீட்டுக்குள்தான் என் மனைவியும் மகளும் இருந்தார்கள். சுவரில் எம்.எல்.ஏ. காலண்டர் தொங்கியது. கும்பிட்ட கைக்குக் கீழே வீட்டு போன் நம்பர், வெறும் மூன்று இலக்கம். அவரை வீட்டில் பிடிக்க வெள்ளிக்கிழமை காலையில்தான் முடியும்.

விடிந்ததும் தேரா டெலிபோன் ஆபீஸுக்கு டாக்ஸி பிடித்தேன். நம் ஊர் நேரம் ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது என்று வழியெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். டிரைவர் பட்டாணியர், ஒவ்வொரு சிக்னலிலும் நிதானமாக நின்றார். "பாய், ஜல்தி" என்றேன் இரண்டு தரம். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் நிதானமாக ஓட்டினார்.

டெலிபோன் ஆபீஸில் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பதினைந்து பேர். ஒவ்வொரு கேபின் நம்பர் கூப்பிடும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து நாலாம் நம்பர் கேபினுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் யாரோ எடுத்து, "ஐயா, துபாய்லருந்து டிரங்கால்" என்று கத்தியது கேட்டது. பிறகு எம்.எல்.ஏ.வின் குரல்.

"யாரு, துபாய்த் தம்பியா? உங்களுக்கு நூறு ஆயுசு. உங்க கடுதாசியத்தான் கையில வச்சிருக்கேன். அண்ணன் இந்தா எதுக்க உக்காந்திருக்காரு."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "ஐயா, சிபாரிசு எழுதிட்டீங்களா?"

"டைப் அடிச்சாச்சு. கையெழுத்துப் போடப் பேனாவத் தெறந்தேன், நீங்க கூப்புட்டீங்க. இருங்க, அண்ணன்கிட்டக் குடுக்கிறேன்."

"வேணாங்கய்யா. குடுக்காதீங்க."

என் குரலே ஒரு நொடி கழித்து எனக்குத் திரும்பக் கேட்டது.

"கையெழுத்துப் போடாதீங்கய்யா" என்றேன். "கிணத்துத் தகராறு ஒண்ணு இருக்கு, எங்க மாமனாரோட. அண்ணன் கோவக்காரரு. நாந் தெரியாம எழுதிட்டேன். பன்னித் தொந்தரவு நெசந்தான். ஆனா துப்பாக்கி இப்ப வீட்டுக்கு வரக்கூடாது. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"ம்" என்றார் அவர். கொஞ்சம் விட்டு இன்னொரு "ம்". அந்த இடைவெளியில் யாரோ டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அது அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு எம்.எல்.ஏ. சத்தமாகக் கேட்டார். "அங்க வெயில் எப்படித் தம்பி?"

"நல்ல வெயிலுங்கய்யா."

"ஒடம்பப் பாத்துக்கங்க. வச்சிரவா?"

வைத்துவிட்டார். நான் கேபினுக்குள்ளேயே நின்றேன். அடுத்த ஆள் கதவைத் தட்டி, "கலாஸ்?" என்று கேட்டார். கலாஸ், முடிந்தது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

முடிந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? போட்டாரா, போடவில்லையா? அண்ணன் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் என்ன கேட்டார்? அடுத்த கேசட் வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் யார் வந்து மனு எழுதச் சொன்னாலும் கை வலி என்று சொல்லி அனுப்பினேன். கேசட்டை முதலில் தனியாக வைத்துக் கேட்டேன், இரண்டு பக்கமும், கடைசி இரைச்சல் வரைக்கும். ரூமில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் பேசியிருந்தார். மழை உண்டு, பன்றித் தொந்தரவு உண்டு, உடம்பைப் பார்த்துக்கொள். லைசென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனைவி, "எங்கப்பா சுகமா இருக்காரு" என்று மட்டும் கூடுதலாகச் சொன்னாள். அதில் எனக்குப் பதில் இருந்தது. அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் லீவில் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணன் வந்து என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வீட்டில் எல்லோரோடும் சிரித்துப் பேசினார். மூன்றாம் நாள் காலையில், "வா, காட்டப் பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டார்.

கடலைக் காட்டில் கால்வாசி மண்ணாகக் கிடந்தது. பன்றிகள் வரப்போரமாக உழுததுபோலக் கிளறிப்போட்டிருந்தன. வரப்புக்கு அந்தப் பக்கம் மாமனார் காடும் அதே கதிதான். என்னால் பார்க்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இந்த வருசம் அதிகமோ" என்றேன்.

அண்ணன், பன்றி பிடுங்கிப் போட்டிருந்த ஒரு செடியை எடுத்து மண்ணை உதறினார். "எம்மெல்லே கையெழுத்துப் போடாமப் பேனாவ மூடிட்டாரு. வெயில் எப்படின்னு உங்கிட்டக் கேட்டாரு பாரு, அதுக்கப்புறந்தான்" என்றார். "யாரு உனக்குச் சொன்னாகன்னு நாங் கேக்கல. கேக்கவும் மாட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்காக அந்தாளுக்கு ஒரு தடவ எழுதுன. எனக்கெதிரா ஒரு தடவ பேசுன. நான் எதுக்கதானடா உக்காந்திருந்தேன்? போன எங்கிட்டக் குடுக்கச் சொல்லி, அண்ணே, நீங்க சுட்டுருவீகளான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீக?" என்றேன்.

அண்ணன் நிமிர்ந்தார். மாமனார் காட்டைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார்.

"தெரியலடா" என்றார். பிறகு அந்தச் செடியில் மிச்சமிருந்த காயைப் பறித்து என் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் நடந்தார்.