சிம்னிக்குக் காட்டிய கற்பூரம்

ஹோட்டல் அடுப்புக்கு மேலே இருக்கும் சிம்னியைக் கழுவுவது என் தொழில். வெளியே பளபளவென்று இருந்தால் நம்ப மாட்டேன். உள்ளே கைவிட்டுப் பார்ப்பேன். காரணம் ஒரு ஆயுத பூஜை.

அப்போது எனக்கு எட்டு வயது. மூலக்குளத்தில் ஒரு ஹோட்டலில் அப்பா மாஸ்டர். அவர் தம்பி, என் சித்தப்பா, அங்கேயே பாத்திரமும் சிம்னியும் கழுவுவார். பூஜையன்று காலையிலேயே சோடா உப்பு போட்ட வெந்நீரில் சிம்னியைத் தேய்த்து முடித்தார். புகை போகும் சல்லடைகளைக் கழற்றி மாடியில் காயப்போட்டார். அவை இருந்த இடத்தில் குழாயின் வாய் கறுப்பாகத் தெரிந்தது.

"உள்ள கை வுட்டியாடா?" என்றார் அப்பா, வடைச் சட்டியைப் பார்த்தபடியே.

"உள்ள யாருண்ணா பாக்கப் போறா? சாமிக்கு மூஞ்சி பளிச்சினு இருந்தா போதாதா?"

"சாமி வேணா பாக்காது. நெருப்பு பாக்கும்."

"ஆரம்பிச்சிட்டியா. பூஜ முடியட்டும்ணா, நாளைக்கி சொரண்டிடறேன்."

அப்பா விட்டுவிட்டார்.

கத்தி, கிரைண்டர், சுவரில் தொங்கிய சிவப்புத் தீயணைப்பு உருளை, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. யாரோ சிம்னி விசிறியைப் போட்டார்கள். நான் கிரைண்டர் மூலையில் நின்றேன். வெளியே போக அடுப்பைத் தாண்ட வேண்டும்.

சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் கற்பூரம் காட்டினார். கடைசியில் சிம்னி. அதன் மேல் அவருக்குத் தனிப் பாசம். தட்டை நன்றாக உயர்த்திச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் சுடர் நீண்டது. விசிறி அதைக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டது.

முதலில் சத்தம். லாரி உள்ளே வந்துவிட்டது போல. பிறகு குழாய் முழுக்க வெளிச்சம். தகரம் சிவந்தது. பிசுக்கு எரிந்துகொண்டே சொட்டுச் சொட்டாக விழுந்தது. அப்படி ஒரு அழகை அதுவரை நான் பார்த்ததில்லை. சாமி வந்துவிட்டது என்று கும்பிட்டேன்.

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். சித்தப்பா குடத்தைத் தூக்கினார்.

"தண்ணி ஊத்தாதடா! எண்ணெ கீழ இருக்குது! வெளிய ஓடி சிலிண்டர மூடு!"

அப்பா அடுப்பை அணைத்தார். சட்டியை மூடினார். விசிறியை நிறுத்தினார். உருளையின் மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, எனக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்று குழாய்க்குள் அடித்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலப்பக்கம் எட்டினேன். அவரும் வலப்பக்கம் நகர்ந்தார். இடப்பக்கம் எட்டினேன். அங்கேயும் வந்துவிட்டார். வெள்ளைப் பொடி அறை முழுக்கப் பரவியது. சாமி போய்விட்டது.

மறுநாள் சித்தப்பா குழாய்க்குள் கைவிட்டார். எரிந்தது போக மிச்சமே ஒரு வாளி. அழுதுகொண்டே வழித்தார்.

நான் அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. சாமியைப் பார்க்கவிடாமல் மறைத்துவிட்டாரே என்று கோபம். ஏன் பேசவில்லை என்று அவரும் கேட்கவில்லை. தோளில் மருந்து தடவிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்.